ஒற்றைக்கால்

நாற்பது மீட்டர் உயரத்தில்
குழாயோடு குழாய் பூட்டிப்
பலகை விரித்து நடந்த நாளிலெல்லாம்
ஒன்றும் ஆகவில்லை.
கேம்ப் வாசலில்
பேருந்தின் கடைசிப் படி இறங்குகையில்
எலுமிச்சை அளவில் ஒரு கல்.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து
எலும்பு நன்றாயிருக்கிறது என்றார்கள்.
சோஹாரில் அன்று எல்லோருக்கும் நிம்மதி:
கம்பெனிக்கு, இன்ஷூரன்ஸுக்கு,
வீட்டுக்குச் சொல்லவேண்டாம் என்றான எனக்கும்.
கீழ்க்கட்டில் மைதீன்பிச்சை
எண்ணெய் சுடவைத்து, நீவி,
விரல் விரலாகச் சொடக்கெடுத்து
"ஜவ்வுதான், சரியாப்போகும்" என்றார்.

ஜவ்வுதான்.
எட்டு மாதமாக இழுக்கிறது.

வலி என்று பெரிதாகச் சொல்ல முடியாது.
விடிகாலை ஏசி குளிரில் ஒரு கடுப்பு.
மற்றபடி வலது கால் என் கால்போலத்தான் இருக்கும்,
திடீரென்று இருக்காது.
சூப்பர்மார்க்கெட் வாசலில், சமதரையில்,
யாரோ கீழிருந்து பலகையை உருவியதுபோல்
பாதம் மடங்கும்.
தயிர் டப்பா மட்டும் எனக்கு முன்னால் போய்ச் சேரும்.

சாரம் கட்டுகிறவனுக்குத் தெரியும்.
உடைகிற கிளாம்ப் சத்தம் போடும்,
தப்பித்துக்கொள்ளலாம்.
தளர்ந்த கிளாம்ப்தான் ஆளைத் தின்னும்,
பச்சை அட்டை தொங்கிக்கொண்டிருக்கும்போதே.

இப்போது எனக்கு லைட் டியூட்டி.
ஸ்டோரில் உட்கார்ந்து
திரும்பி வந்த கிளாம்ப்களை எண்ணுகிறேன்.
ஓவர்டைம் கிடையாது.
"இங்க வேலை கம்மி" என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்,
போனை இடுப்புக்கு மேலேயே பிடித்துக்கொண்டு.

பிசியோ அறையில் ஷம்ஸா.
என் மூத்த மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும்.
ஓமான்காரி. அவள் இந்தி என் இந்தியைவிடச் சுத்தம்.
ஜவ்வு வெறும் கயிறில்லை என்றாள்.
பாதம் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் சரிகிறது என்று
தலைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிற ஆள் அது.
கிழிந்தது ஒட்டிக்கொண்டது,
சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டது.

ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி
வெளிப்பக்கமாக இழு.
மேடுபள்ளத்தில் கட்டுப் போட்டு நட.
பல் துலக்கும்போது
அந்த ஒரு காலில் மட்டும் நில்.
முப்பது விநாடி வந்தபிறகு
கண்ணை மூடிக்கொண்டு நில்.

சிரித்துவிட்டேன்.
அவளுக்கு எந்த இந்தியில் விளக்குவேன்,
போயே தீருவேன் என்று
பத்தொன்பது வருடம் முன்பே
ஒற்றைக் காலில் நின்றவன் நான் என்று.
அப்போதும் கண்ணை மூடிக்கொண்டுதான்.

வாஷ்பேசின் முன் நிற்கிறேன்.
கண் திறந்தால் பதினெட்டு.
மூடினால் நாலு, பிறகு குழாயைப் பிடிக்கிறேன்.
"மீன் வந்துச்சாண்ணே?" என்கிறான்
மேல்கட்டில் குருஸ்மிக்கேல்.
பாதத்தின் வெளிவிளிம்பில்
என்னவோ படபடவென்று துடிக்கிறது,
பூட்டிய வீட்டுக் கதவைத்
தட்டிப் பார்ப்பதுபோல.

கண்மூடிப் பன்னிரண்டு வந்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை
செண்பகவல்லி கேட்டாள்:
"நிக்கிறப்ப ஏன் எப்பவும்
இடதுபக்கமே சாயுறீங்க?
பின்னால ஜன்னலே கோணலாத் தெரியுது, எத்தனை மாசமா."

போனைத் தரையில் சுவரோடு சாய்த்து வைத்தேன்.
காலைக் காட்டினேன்.
அவள் திட்டவில்லை.
திட்டியிருந்தால் இன்னும் கொஞ்சம் நேராக நின்றிருப்பேன்.
"நில்லுங்க, நான் எண்ணுறேன்."

அவள் விநாடி ஷம்ஸாவின் விநாடியைவிட வேகம்.
நடுவில் குக்கர் விசில்,
யாரிடமோ "இரு, வர்றேன்",
பதினேழு,
பத்தொன்பதை விட்டுவிட்டு இருபது,
இருபத்து மூன்று.
நெட் போய்விட்டது.

போதும் என்று யாரும் சொல்லவில்லை.
கண்ணைத் திறக்கவில்லை.
கணுக்கால் அந்தப் பக்கம் போகிறது,
போய், தானே திரும்புகிறது.